துணி மடிப்பு வரையறது: ரவிவர்மா, லெய்ட்டன், இங்ரே எல்லாம் எப்படி பண்ணாங்க? புடவைக்கு அது ஒத்து வருமா?

கரித்துண்டு (கேள்வி)

வணக்கம் மக்களே. நான் சார்கோல்ல ஃபிகர் டிராயிங் பண்றேன், ஆபீஸ் முடிச்சு வந்து ராத்திரியிலயும் ஞாயித்துக்கெழமையிலயும் தான் டைம் கிடைக்குது. முகம், கை, கால் எல்லாம் ஓரளவுக்கு பிடிபட்டுடுச்சு, துணின்னு வந்தா தான் நின்னுடறேன். எங்க வீட்டு பூஜை ரூம்ல ரவிவர்மா சரஸ்வதி பிரிண்ட் ஒண்ணு இருக்கு, பாட்டி காலத்துது, மடியில வீணை, வெள்ளை புடவை, ஜரிகை பார்டர். அதை பார்த்து வரைஞ்சா ஓரளவு வருது. ஆனா அதே பாட்டியோட பட்டுப்புடவைய அம்மாவை கட்ட சொல்லி நேர்ல உக்கார வெச்சு வரைஞ்சா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல, நூறு மடிப்பு தெரியுது, எல்லாத்தையும் போட்டா உள்ள ஒரு ஆள் உக்காந்திருக்காங்கங்கறதே காணாம போயிடுது, கொஞ்சமா போட்டா துணியாவே தெரியல. அம்மா ஒரு தடவை எழுந்து தண்ணி குடிச்சிட்டு வந்து உக்காந்தா மொத்த மடிப்பும் வேற.

நெட்ல இங்கிலாந்து ஓவியர் லெய்ட்டனோட ஃபிளேமிங் ஜூன் படம், பிரெஞ்சு ஓவியர் இங்ரேவோட சாட்டின் கவுன் போர்ட்ரெய்ட் எல்லாம் ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பார்த்துட்டு இருக்கேன். என் டவுட் என்னன்னா, இவங்க எல்லாம் ஆளை நிக்க வெச்சு பார்த்து தான் வரைஞ்சாங்களா, இல்ல வேற ஏதாவது வழி வெச்சிருந்தாங்களா? அப்புறம் ஐரோப்பா கவுன் மடிப்பை காப்பி பண்ணி பழகினா அது புடவைக்கு உதவுமா? யாராவது கொஞ்சம் விவரமா சொல்லுங்க, ப்ளீஸ்.

பெரியமேடு பழைய மாணவன்

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல அந்த அம்மா எழுந்து தண்ணி குடிச்ச விஷயம். இதே பிரச்சனை தான் 19ஆம் நூற்றாண்டுல பாரிஸ்லயும் லண்டன்லயும் எல்லாருக்கும் இருந்துச்சு. மாடல் ரெஸ்ட் எடுத்துட்டு திரும்பி வந்தா உடம்பு போஸ் திரும்ப கிடைச்சிடும், துணி கிடைக்காது. அதனால அவங்க ரெண்டையும் பிரிச்சிட்டாங்க. உடம்பை தனியா படிக்கறது, துணிய தனியா படிக்கறது. ஸ்டூடியோவுல ஆள் உயரத்துக்கு மூட்டு மூட்டா மடங்கற மர பொம்மை இருக்கும், அதுக்கு துணிய கட்டி விட்டுட்டா நாள் கணக்குல அப்படியே இருக்கும், யாரும் தொட மாட்டாங்க, நிதானமா ஒவ்வொரு மடிப்பா வரையலாம்.

லெய்ட்டன் (1830ல பிறந்து 1896ல இறந்தவர்) இதுல ரொம்ப ஒழுங்கு. ஒரு படத்துக்கு முதல்ல துணி இல்லாம உடம்பை மட்டும் ஸ்டடி பண்ணுவார், அப்புறம் அதே போஸ்ல துணிய மட்டும் தனி பேப்பர்ல. அந்த துணி ஸ்டடி நிறைய பிரவுன் பேப்பர்லயோ நீல பேப்பர்லயோ கருப்பு சாக், வெள்ளை சாக் வெச்சு போட்டது தான். முகம் இருக்காது, கை இருக்காது, வெறும் துணி. அதை தேடி பாருங்க, முடிஞ்ச பெயிண்டிங்கை ஜூம் பண்றதை விட அது பத்து மடங்கு சொல்லி குடுக்கும். நீங்க சொன்ன ஃபிளேமிங் ஜூன் 1895ல போட்டது, இப்போ போர்ட்டோ ரிக்கோவுல போன்ஸே மியூசியத்தோட சொத்து. அதுல அந்த ஆரஞ்சு துணி அவ்ளோ மெலிசு, தொடையும் முட்டியும் அப்படியே தெரியுது, சுத்தி மடிப்பு எக்கச்சக்கம். இருந்தும் உடம்பு தொலையல பாருங்க, ஏன்னா உடம்பு எங்க துணிய உள்ளேர்ந்து தள்ளுதோ அங்க அவர் மடிப்பே போடல. தொடை மேல துணி வழவழன்னு போகுது, மடிப்பு எல்லாம் தொடைக்கு கீழ சரியற இடத்துல வந்து குவியுது.

உங்க பாட்டி புடவைக்கு விடை இதுல தான் இருக்குன்னு நினைக்கறேன். மடிப்பை எண்ணாதீங்க. துணி எங்க மாட்டிட்டு நிக்குது, அதை மட்டும் முதல்ல தேடுங்க. தோள், இடுப்பு சொருகு, முட்டி, மடக்கின முழங்கை, தரையில உக்காந்தா தொடைக்கு அடியில நசுங்கற இடம். ஒவ்வொரு மடிப்பும் இப்படி ஒரு பிடியில இருந்து தான் கிளம்பும், இன்னொரு பிடியை பார்த்து போகும், இல்ல கீழ தொங்கி கரைஞ்சு போயிடும். பிடிக்கு பக்கத்துல ஷார்ப்பா இருக்கும், தள்ளிப்போக போக அகலமாகி மங்கிடும். பிடிய கண்டுபிடிச்சாச்சுன்னா நூறு மடிப்புல எது முக்கியம்னு தன்னால தெரியும், மீதிய விட்டுடலாம், பார்க்கறவங்களுக்கு ஒண்ணும் குறையா தெரியாது.

இங்ரே விஷயமும் அதே தான். உடை போட்ட போர்ட்ரெய்ட்டுக்கே அவர் உடம்பை தனியா ஸ்டடி பண்ணவர். பிரின்ஸஸ் டி ப்ரோயி (அந்த நீல சாட்டின், 1853ல முடிச்சது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு) படத்துல கவுனுக்குள்ள ஆள் நிக்கற நிலை அவ்ளோ உறுதியா இருக்கறதுக்கு இதான் காரணம். அதை தவிர துணிய மட்டும் பென்சில்ல தனித்தனியா வரைஞ்சு வெச்சுப்பார். பிரான்ஸ்ல மோன்டோபான் ஊர்ல அவர் பேர்ல இருக்கற மியூசியத்துல மட்டும் அவர் டிராயிங் ஆயிரக்கணக்குல இருக்கு.

ஆக வீட்ல என்ன பண்ணலாம்னா, அம்மாவை கஷ்டப்படுத்தாதீங்க. ஒரு பழைய வேட்டிய பீரோ கைப்பிடியில ஒரே ஒரு இடத்துல மாட்டி தொங்க விட்டு வரைங்க. அது அலுத்ததும் ரெண்டு இடத்துல மாட்டுங்க, நடுவுல தொய்வு விழும். அப்புறம் சேர் மேல போடுங்க. ஃபேனை நிறுத்திடணும், நம்ம ஊர்ல இது தான் பெரிய கஷ்டம், அதனால காலையில ஆறு ஆறரைக்கு உக்காருங்க. டியூப் லைட்ல வரையவே வேணாம், எல்லா பக்கமும் வெளிச்சம் பரவி மடிப்போட நிழலை அழிச்சிடும். ஒரு ஜன்னல் மட்டும் திறந்து வெச்சுக்கோங்க, ராத்திரின்னா ஒரு டேபிள் லேம்ப், இடது பக்கம் கொஞ்சம் மேல இருந்து.

ஜரிகைக்கரை

சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா வேட்டிய மட்டும் வரைஞ்சு பழகினா பட்டு வராது. நான் காஞ்சிபுரம், எங்க வீட்ல தறி இருந்துச்சு, இப்போ தி.நகர்ல புடவை கடையில இருக்கேன். நாள் முழுக்க துணி பிரிக்கறதும் மடிக்கறதும் தான் வேலை. பொழுதுபோக்குக்கு வரைவேன். துணி பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்.

ஒவ்வொரு துணியும் மடியற விதம் வேற. வெயிட், நூலோட முறுக்கு, நெசவு எவ்ளோ நெருக்கம், கஞ்சி இருக்கா இல்லையா, எல்லாம் சேர்ந்து தான் மடிப்போட அளவை முடிவு பண்ணும். ஜார்ஜெட் போட்டா சின்ன சின்னதா நிறைய மடிப்பு, வளைவு எல்லாம் உருண்டையா இருக்கும், உடம்போட ஒட்டி இறங்கும். கஞ்சி போட்ட காட்டன் உடம்பை விட்டு தள்ளி நிக்கும், மடிப்பு கம்மி, ஒவ்வொண்ணும் உடைஞ்ச மாதிரி கோணல் கோணலா இருக்கும். அதே காட்டன் நாலு தடவை துவைச்சு கஞ்சி போனதும் ஜார்ஜெட் பக்கம் வந்துடும். கெட்டியான காஞ்சிபுரம் பட்டு இருக்கே, அது பெரிய பெரிய மடிப்பா தான் விழும், மேடு அகலமா இருக்கும், மேட்டுல இருந்து பள்ளத்துக்கு திரும்பற இடம் சட்டுனு திரும்பும். கரித்துண்டு, உங்க பாட்டி புடவையில நூறு மடிப்பு தெரியுதுன்னா அதுல முக்கால்வாசி மடிப்பே இல்ல, பீரோவுல வருஷக்கணக்கா மடிச்சு வெச்ச தடம். அதை விட்டுடுங்க, இல்ல வரையறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி கொடியில விரிச்சு போட்டு வைங்க.

பார்டர் தனி கதை. கோர்வை புடவையில உடலையும் கரையையும் தனித்தனி நாடாவுல (தறியில ஊடு நூலை எடுத்துட்டு போற சாமான்) நெய்து, ரெண்டும் சேர்ற இடத்துல கோர்ப்பாங்க. கரையில ஜரிகை இருக்கறதால அது உடலை விட விறைப்பு. உடல் மடங்கற அளவுக்கு கரை மடங்காது. கொசுவத்தோட அடியில பாருங்க, மேல இடுப்புல நெருக்கமா இருக்கற மடிப்பு கீழ கரைக்கு வரும்போது விரிஞ்சு விசிறிக்கும், கரை தனக்குன்னு ஒரு பெரிய வளைவு எடுத்துக்கும். கரையோட ரெண்டு கோட்டை மட்டும் சரியா போட்டீங்கன்னா, எங்க மறையுது எங்க திரும்ப வெளிய வருதுன்னு கவனிச்சு போட்டீங்கன்னா, உள்ள ஷேடிங்கே இல்லாம கொசுவம் வந்துடும். நான் முதல்ல கரைய தான் போடுவேன், அப்புறம் தான் மீதி.

ஜரிகைக்கு மஞ்சள் தேய்ச்சா ஜரிகை ஆகாது. ஜரிகை வெளிச்சத்தை நேரா திருப்பி அடிக்கற சாமான், உங்க கண்ணுக்கு நேரா திரும்பின இடத்துல பளீர்னு வெள்ளை, கொஞ்சம் சாஞ்சா காவி, இன்னும் திரும்பினா பிரவுன், கிட்டத்தட்ட கருப்பு. ரவிவர்மா ஆயில்ல இதை தான் பண்ணார், காவியும் பிரவுனும் போட்டு மேட்டுல மட்டும் கெட்டியா வெளிச்சம் வெச்சார். தஞ்சாவூர் படத்துல நிஜ தங்க ரேக்கையே ஒட்டிடுவாங்க, அங்க துணி மடிஞ்சாலும் தங்கம் மடியாது, அது வேற அழகு, சாமி படத்துக்கு அது தான் பொருத்தம். அப்புறம் ஒரு சந்தோஷமான விஷயம், ரவிவர்மா பிரஸ் பிரிண்ட் வந்ததுக்கு அப்புறம் நம்ம ஜனங்க அந்த பிரிண்ட் மேலயே ஜரிகை, சமிக்கி, துணி எல்லாம் ஒட்டி அலங்காரம் பண்ணி மாட்டினாங்க. செட்டிநாட்டு வீடுகள்ல இன்னும் பார்க்கலாம். எனக்கு அந்த படங்கள் ரொம்ப பிடிக்கும்.

கவுன் கேள்விக்கு என் பதில்: நேரா காப்பி பண்ணா உதவாது. கவுன்ங்கறது வெட்டி தைச்ச துணி. தையல் இருக்கும், இடுப்புல சுருக்கு பிடிச்சிருப்பாங்க, உள்ள பாவாடை மேல பாவாடை, 1856க்கு அப்புறம் இரும்பு வளையம் வெச்ச கிரினோலின் வேற வந்துடுச்சு. அந்த மடிப்பை முடிவு பண்றது டெய்லரும் வளையமும். உள்ள இருக்கற கால் எங்க இருக்குன்னு அதுல தெரியவே தெரியாது. புடவை அப்படியா? ஒரே நீள துணி, வெட்டு இல்ல, உடம்பு தான் அதுக்கு உருவமே குடுக்குது.

பெரியமேடு பழைய மாணவன்

ஜரிகைக்கரை அம்மா, அருமையா சொன்னீங்க, இவ்ளோ வருஷம் வரைஞ்சும் கோர்வை கரைக்கு இப்படி ஒரு குணம் இருக்கறது நான் யோசிச்சதில்ல. உங்க கடைசி பாயிண்ட்டை புடிச்சிட்டு ஒண்ணு சொல்றேன்.

வெட்டாத ஒரே துணிய உடம்புல சுத்தறது நமக்கு மட்டும் சொந்தம் இல்ல. பழைய கிரேக்க உடையும் அதே தான், தோள்ல ஒரு பின், இடுப்புல ஒரு கயிறு, மீதி எல்லாம் எடையும் உடம்பும் பார்த்துக்கும். ஏதென்ஸ் பார்த்தினான் கோயில் சிற்பங்கள் 1816ல பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வாங்கப்பட்டதுல இருந்து லண்டன் ஓவியர்கள் பல தலைமுறைக்கு அதையே பார்த்து பார்த்து வரைஞ்சாங்க. லெய்ட்டன், ஆல்பர்ட் மூர், பேர்ன் ஜோன்ஸ் இவங்க படத்துல வர்ற பொண்ணுங்க அந்த காலத்து லண்டன் கவுன்ல இல்ல, கிரேக்க பாணியில சுத்தின துணியில தான் இருப்பாங்க. பேர்ன் ஜோன்ஸோட கோல்டன் ஸ்டேர்ஸ் (1880) எடுத்து பாருங்க, படிக்கட்டுல வரிசையா இறங்கி வர்ற பொண்ணுங்க, எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வெளிர் துணி, ஆனா ஒவ்வொரு முட்டியும் துணிய வேற வேற மாதிரி தள்ளுது. புடவை வரையறவங்களுக்கு இங்ரே கவுனை விட இவங்க தான் நெருக்கம். தோள்ல இருந்து முந்தானை முதுகு பக்கம் விழறதுக்கும் கிரேக்க மேலாடை விழறதுக்கும் இருக்கற ஒற்றுமைய ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா மறக்க முடியாது.

ஆனா இங்ரேவை ஒதுக்கிடாதீங்க. ஒரு விஷயத்துக்கு அவர் வேணும், டிசைன் போட்ட துணி. மேடம் மோய்ட்டெஸ்ஸியே படம், லண்டன் நேஷனல் கேலரியில இருக்கு, 1844ல ஆரம்பிச்சு 1856ல தான் முடிச்சார், நடுவுல டிரெஸ்ஸையே மாத்தினார். கடைசியில அவர் எடுத்தது பெரிய பெரிய பூ போட்ட துணி. அந்த பூ ஒவ்வொண்ணும் மடிப்போட சேர்ந்து வளையும், பாதி பூ மடிப்புக்குள்ள போய் மறையும், மறுபக்கம் வேற பூவோட ஓரம் எட்டி பார்க்கும். புட்டா போட்ட புடவை வரையறவங்க எல்லாரும் பண்ற காரியம் என்னன்னா மடிப்பை போட்டுட்டு மேல ஸ்டிக்கர் ஒட்டற மாதிரி முழு முழு புட்டாவா வரைஞ்சிடுவாங்க. மோய்ட்டெஸ்ஸியே பார்த்தா அது சரியாயிடும்.

ஞாயிறு ஸ்கெட்ச்

நான் ரெண்டு பேர் கிட்டயும் ஒரு விஷயத்துல மாறுபடறேன். ஆரம்பத்துல துணியவே வரைய வேணாம், கல்லை வரைங்க. 19ஆம் நூற்றாண்டு ஆர்ட் ஸ்கூல்ல மாணவனை நேரா ஆள் முன்னாடி உக்கார வெக்க மாட்டாங்க, முதல்ல சிலையில இருந்து அச்செடுத்த பிளாஸ்டர் வார்ப்பு தான். சார்ல்ஸ் பார்க், ஜெரோம்னு ரெண்டு பிரெஞ்சு ஓவியர்கள் சேர்ந்து 1866ல இருந்து 1871 வரைக்கும் கூபில்ங்கற பதிப்பு கம்பெனி மூலமா போட்ட டிராயிங் பாடத்துலயும் முதல் பகுதி முழுக்க வார்ப்பை பார்த்து வரையறது தான். காரணம் இருக்கு, வார்ப்புக்கு கலர் கிடையாது, அசையாது, நிழல் மட்டும் தான். அதை விட முக்கியம், சிற்பி ஏற்கனவே எந்த மடிப்பு வேணும் எது வேணாம்னு பொறுக்கி எடுத்துட்டார். நீங்க எதை விடறதுன்னு தெரியாம தவிக்கறீங்கன்னா, விட தெரிஞ்சவர் விட்டதை பார்த்து கத்துக்கறது தானே சீக்கிரம்?

மெட்ராஸ்ல இதுக்கு பஞ்சமே இல்ல. கதீட்ரல் ரோட்டுல செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்குள்ள போங்க, பிஷப் ஹீபர் நினைவு சிற்பம் இருக்கு, பிரான்சிஸ் சான்ட்ரி செஞ்சது, நம்ம மன்றோ சிலை செஞ்ச அதே ஆள். பிஷப் அங்கி, அந்த பெரிய துணி எப்படி விழுதுன்னு நிதானமா உக்காந்து பார்க்கலாம். கோட்டைக்குள்ள செயின்ட் மேரீஸ் சர்ச்லயும் சலவைக்கல் நினைவுச் சிற்பங்கள் வரிசையா இருக்கு. ரெண்டு இடத்துலயும் முதல்ல அங்க இருக்கறவங்க கிட்ட கேட்டுட்டு, பூஜை நேரம் இல்லாத டைமா பார்த்து, சின்ன ஸ்கெட்ச்புக்கும் பென்சிலும் மட்டும் எடுத்துட்டு போங்க, சார்கோல் தூள் எல்லாம் அங்க கொட்டக்கூடாது. கோட்டைக்கு போகும்போது ஐடி கார்டு எடுத்துக்கோங்க.

அப்புறம் எழும்பூர் மியூசியம். அமராவதி சிற்பங்கள் பார்த்திருப்பீங்க. 19ஆம் நூற்றாண்டு சமாச்சாரம் இல்ல தான், ஆனா அங்க நிக்கற புத்தரோட மேலாடைய பாருங்க, இடது தோள்ல இருந்து வரி வரியா மடிப்பு உடம்பை சுத்தி வருது. அது நிழல் இல்ல, கோடு. அந்த கோடு உடம்போட உருண்டைய பிடிச்சு காட்டற மாதிரி வேற எங்கயும் நான் பார்த்ததில்ல. லெய்ட்டன் பள்ளத்தையும் மேட்டையும் காட்டறார், அமராவதி சிற்பி உடம்பு மேல கோடு எப்படி போகுதுன்னு காட்டறார், ரெண்டும் வேணும்.

வேகமா வரையறதுக்கு இன்னொண்ணு, காளிகாட் படங்கள். ரவிவர்மா ஆயில் போட்டுட்டு இருந்த அதே காலத்துல கல்கத்தா காளிகாட்ல கோயிலுக்கு வர்றவங்களுக்கு விக்க வேகவேகமா வரைஞ்சாங்க. ஒரு மடிப்புக்கு ஒரே ஒரு பிரஷ் இழுப்பு, ஒரு ஓரம் அடர்த்தி, மறு ஓரம் தண்ணியா மங்கி போகும். நான் பீச் டு தாம்பரம் டிரெயின்ல பிரஷ் பேனாவுல இதை தான் ட்ரை பண்ணிட்டு இருக்கேன், எதிர் சீட்டுல கூடை வெச்சிட்டு உக்காந்திருக்கற அம்மாவோட புடவைய ரெண்டு ஸ்டேஷனுக்குள்ள முடிக்கணும்னா வேற வழி இல்ல.

கரித்துண்டு

ஐயோ இவ்ளோ விவரம் எதிர்பார்க்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சார் சொன்ன மாதிரி இன்னைக்கு காலையில வேட்டிய பீரோவுல மாட்டி ஃபேனை நிறுத்திட்டு வரைஞ்சேன், ஒரே ஒரு பிடி, அதுல இருந்து கிளம்பற மடிப்பு மட்டும். முதல் தடவையா துணி மாதிரி தெரியுது. ஜரிகைக்கரை அக்கா, கொடியில புடவை போட்டாச்சு, அம்மா "என் புடவைய என்னடா பண்ற"ன்னு கேட்டுட்டு இருக்காங்க.

மூணு டவுட். அந்த பிரவுன் பேப்பர்ல கருப்பு வெள்ளை சாக் முறைய நம்ம ஊர் சாமான் வெச்சு எப்படி பண்றது? மடிப்புக்கு வகை இருக்கு, பேர் இருக்குன்னு கேள்விப்பட்டேன், அதை படிக்கணுமா? ரவிவர்மாகிட்ட குறிப்பா எந்த படம் பார்க்கலாம்?

பெரியமேடு பழைய மாணவன்

பேப்பர் ரொம்ப சுலபம். ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போடற பிரவுன் பேப்பர், அதுல சொரசொரப்பான பக்கம். பழகறதுக்கு அது தாராளம். வெச்சுக்கணும்னு நினைக்கற டிராயிங்குக்கு மட்டும் நல்ல டோன் பேப்பர் வாங்குங்க, அட்டை பேப்பர் சில வருஷத்துல நொறுங்கிடும். சார்கோல் பென்சில் ஒண்ணு, வெள்ளை சாக் பென்சில் ஒண்ணு, பிசைஞ்சு உருட்டற ரப்பர் ஒண்ணு, போதும். கை வேர்த்து டிராயிங் அழியும் நம்ம ஊர்ல, கைக்கு அடியில ஒரு வெள்ளை தாள் வெச்சுக்கோங்க.

முறை இது தான்: பேப்பர் கலரே உங்க நடு டோன், அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவுல இருக்கற அடர்த்தி. கண்ணை பாதி மூடி துணிய பாருங்க, சின்ன சின்ன விஷயம் எல்லாம் மறைஞ்சு நிழல் ஒரே கூட்டமா தெரியும், அதை சார்கோல்ல ஒரே அடர்த்தியில போட்டுடுங்க. அப்புறம் ரொம்ப வெளிச்சமான மேடு எதுன்னு பார்த்து அங்க மட்டும் வெள்ளை. வெள்ளையும் கருப்பும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது, நடுவுல பேப்பர் தெரியணும். தொட்டுதுன்னா அழுக்கு சாம்பலா போயிடும், துணியோட வளைவே செத்துடும். பள்ளத்துக்குள்ள முழு இருட்டு போடாதீங்க, எதிர் மடிப்புல பட்டு திரும்பற வெளிச்சம் அங்க லேசா இருக்கும், பட்டுல அது நல்லாவே தெரியும். ஓரத்தையும் கவனிங்க, ஒரு மடிப்புக்கு ஒரு பக்கம் தான் கத்தி மாதிரி ஓரம் இருக்கும், மறுபக்கம் மெதுவா திரும்பும். ரெண்டு பக்கமும் ஷார்ப்பா போட்டா அது துணி இல்ல, பைப்பு.

ஞாயிறு ஸ்கெட்ச் சொன்ன கல் விஷயத்துல எனக்கு பாதி தான் சம்மதம். விடறதை கத்துக்க கல் நல்லது, ஆனா சர்ச்க்குள்ள வெளிச்சம் நாலு ஜன்னல்ல இருந்தும் வரும், நிழல் கூட்டம் தெளிவா கிடைக்காது. அதோட துணி எப்படி விழுதுன்னு கையால தொட்டு பார்த்தவனுக்கு தான் கல்லுல சிற்பி என்ன பண்ணியிருக்கார்னே புரியும். ரெண்டையும் மாத்தி மாத்தி பண்ணுங்க.

மடிப்பு வகைக்கு நியூயார்க்ல பாடம் எடுத்த பிரிட்ஜ்மன் ஏழு வகையா பிரிச்சார், அவர் பாரிஸ்ல ஜெரோம்கிட்ட படிச்சவர், அதனால 19ஆம் நூற்றாண்டு பாடத்தோட தொடர்ச்சின்னே சொல்லலாம். ஏழையும் மனப்பாடம் பண்ண வேணாம். புடவைக்கு மூணு நல்லா தெரிஞ்சா போதும். ஒரே பிடியில இருந்து நேரா கீழ விழற குழாய் மடிப்பு, அது கொசுவம். ரெண்டு பிடிக்கு நடுவுல தொங்கற தொய்வு, முந்தானைய முழங்கையில வாங்கி போட்டிருக்கறப்போ வர்றது, இதுல ரெண்டு பக்கத்து மடிப்பும் நடுவுல வந்து சேரவே சேராது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாறி மாறி தான் போகும். மூணாவது உக்காந்தா முட்டிக்கு பின்னாடியும் இடுப்புலயும் துணி திசை மாறி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கற மடிப்பு. இந்த மூணாவது தான் உங்க அம்மா உக்காந்த போஸ்ல உங்களை கஷ்டப்படுத்தியிருக்கும், அதை மட்டும் தனியா பேன்ட் போட்ட உங்க கால்ல கண்ணாடி வெச்சு பார்த்து பழகுங்க.

வேட்டி ரொம்ப சரியுதுன்னா கெட்டியா கஞ்சியில முக்கி சேர் மேல போட்டு காய விடுங்க. விறைப்பா நின்னுடும், வாரம் முழுக்க அதே மடிப்பு. லியோனார்டோ இளம் வயசுல துணிய களிமண் குழம்புல நனைச்சு உருவத்து மேல போட்டு வரைஞ்சார்னு, ஓவியர்களோட வாழ்க்கை வரலாறு எழுதின வசாரி எழுதி வெச்சிருக்கார், அதே யோசனை தான்.

ஜரிகைக்கரை

ரவிவர்மால நான் கேலக்ஸி ஆஃப் மியூசிஷியன்ஸ் தான் சொல்லுவேன். மைசூர் ஜகன்மோகன் பேலஸ்ல இருக்கு, பதினோரு பெண்கள், ஒவ்வொருத்தரும் வேற வேற ஊர் உடை, வேற வேற கட்டு. ஒரே ஓவியர், ஒரே வெளிச்சம், துணி மட்டும் மாறுது, இதை விட நல்ல பாடம் கிடைக்காது. ஒவ்வொரு பெண்ணா எடுத்து, துணி எங்க எங்க பிடிச்சிருக்குன்னு புள்ளி மட்டும் வெச்சு பாருங்க. மைசூர் போக முடிஞ்சா நேர்லயே பாருங்க, பிரிண்ட்ல நிழல் பக்கம் எல்லாம் கருப்பாகி மடிப்பு அடைஞ்சு போயிடுது. எழும்பூர்லயும் ரவிவர்மா படங்கள் இருக்கு, இப்போ எது பார்வைக்கு வெச்சிருக்காங்கன்னு கேட்டுட்டு போங்க.

பூஜை ரூம் சரஸ்வதிய காப்பி பண்றதை நிறுத்த வேணாம், ஆனா அது கல் அச்சுல ஏறின பிரிண்ட், பெயிண்டிங்ல இருக்கற நடு டோன் எல்லாம் அதுல புள்ளியா குறைஞ்சிருக்கும். அதனால தான் அதை காப்பி பண்றது சுலபமாவும் அம்மாவை வரையறது கஷ்டமாவும் இருந்திருக்கு. அம்மாவை திரும்ப உக்கார வெக்கும்போது முதல்ல உடம்பை மட்டும் லேசா போட்டுக்கோங்க, அப்புறம் தோள், இடுப்பு, முட்டி புள்ளி, அப்புறம் கரையோட ரெண்டு கோடு, அதுக்கப்புறம் தான் மடிப்பு. அம்மா எழுந்தா எழுந்துக்கட்டும், கரைய ஒரு தடவை பிடிச்சிட்டீங்கன்னா மீதிய சேர் மேல அதே புடவைய போட்டு முடிச்சிக்கலாம்.

ஞாயிறு ஸ்கெட்ச்

சார் சொன்ன வெளிச்ச பாயிண்ட் ஒத்துக்கறேன். கதீட்ரல்ல காலையில போனா ஒரு பக்கத்து ஜன்னல் வெயில் மட்டும் தூக்கலா இருக்கும், அப்போ நிழல் கூட்டம் கிடைக்குது, பதினோரு மணிக்கு மேல போனா நீங்க சொன்ன மாதிரி தான். கரித்துண்டு, நான் வர்ற ஞாயிறு சர்வீஸ் முடிஞ்சதும் அனுமதி கேட்டுட்டு அங்க வரையலாம்னு இருக்கேன், வர்றதா இருந்தா இங்கயே சொல்லுங்க. வேட்டி டிராயிங்கையும் போட்டோ எடுத்து இந்த திரெட்ல போடுங்க, அந்த ஒரு பிடிய எப்படி போட்டிருக்கீங்கன்னு பார்க்கணும்.